கருவியை அறியும் நெறி

காணாமற்போன பொருளைத் தேடுவோர் இருவகைப்படுவர். ஒரு சாரார் பதற்றங்கொண்டு வீட்டிலுள்ள பெட்டிகளையெல்லாம் கவிழ்ப்பர். பார்த்த இடத்தையே மீண்டும் மீண்டும் பார்ப்பர். இடையிடையே பிறர்மீது ஐயமும் கொள்வர். மற்றொரு சாரார் சற்றே அமர்ந்து, ‘அப்பொருளை இறுதியாகக் கண்டது எவ்விடம்? அதன்பின் அது யார் கைக்குச் சென்றது?’ என்று எண்ணிப் பார்த்து, அவ்விடத்திலிருந்து தேடத் தொடங்குவர். முன்னவர்க்குக் களைப்பு மிஞ்சும். பின்னவர்க்குப் பொருள் கிட்டும். வீட்டுப் பொருளுக்குப் பொருந்தும் இவ்வுண்மை கணிப்பொறிக்கும் பொருந்தும். புதிதாகப் பொருத்திய கருவி ஒன்று கணிப்பொறிக்குப் புலப்படாமற்போனால், அதனைத் தேடிக் காணும் நெறி யாது? அதனையே இப்பாடத்தில் காண்போம்.

கருவும் இயக்கியும்

கணிப்பொறி பல உறுப்புகளால் அமைந்தது. விசைப்பலகை, திரை, வட்டு, வலையட்டை, அச்சுப்பொறி முதலியன அவ்வுறுப்புகள். இவற்றையெல்லாம் ஓர் ஒழுங்கில் நிறுத்தி வேலை வாங்கும் மென்பொருளுக்கு இயங்குதளம் என்பது பெயர். இயங்குதளத்தின் நடுவே நின்று நினைவகத்தையும் கருவிகளையும் ஆள்வது கர்னல். கர்னல் என்னும் ஆங்கிலச் சொல் வித்தின் உள்ளே இருக்கும் பருப்பைக் குறிக்கும். ஆதலின் அதனைக் கரு என்று நாம் வழங்குதல் தகும். பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் 1991-ஆம் ஆண்டில் எழுதி உலகத்தார்க்கு வழங்கிய லினக்ஸ் இத்தகைய கருக்களுள் ஒன்று. அதன் நிரலை எவரும் படிக்கலாம், பயன்படுத்தலாம், திருத்தலாம். ஆதலால் அதனையே இங்குச் சான்றாகக் கொள்வோம்.

கரு எல்லாக் கருவிகளின் பேச்சையும் தானே அறிந்ததன்று. வட்டின் பேச்சு வேறு. வலையட்டையின் பேச்சு வேறு. ஒவ்வொரு வகைக் கருவிக்கும் கருவுக்கும் இடையே நின்று, கருவின் கட்டளையைக் கருவிக்கும், கருவியின் விடையைக் கருவுக்கும் எடுத்துரைக்கும் சிறு நிரல் ஒன்று வேண்டும். அதற்கு இயக்கி என்பது பெயர். இயக்கி எத்துணைத் திறம்பட எழுதப்பட்டிருப்பினும், ‘உனக்குரிய கருவி வந்துள்ளது’ என்று கரு அதனை அழைத்தாலன்றி அது வேலை தொடங்காது. இயக்கி எழுதப் புகுவோர் பலர் முதன்முதலில் இடர்ப்படுவது இவ்விடத்தில்தான். நிரல் பிழையின்றி அமைந்திருக்கும், கருவியும் பொருத்தப்பட்டிருக்கும், ஆனால் ஒன்றை ஒன்று அறியாது.

தம் பெயர் சொல்லும் கருவிகள்

கருவியைக் கரு எங்ஙனம் அறிகிறது என்பதை முதலில் உணர்தல் வேண்டும். ஐ.பி.எம். நிறுவனம் 1981-ஆம் ஆண்டில் வெளியிட்ட தனிக் கணிப்பொறியில் செருகப்பட்ட அட்டைகளுக்குத் தம் பெயரைச் சொல்லும் வழி இல்லை. அட்டையின் முகவரியை அதன் மேலுள்ள சிறு இணைப்புகளை மாற்றி மனிதரே குறித்தனர். அதே முகவரியை இயக்கிக்கும் சொல்லி வைத்தனர். இயக்கி அம்முகவரியில் எதையேனும் எழுதிப் பார்த்து, வரும் விடையைக் கொண்டு உய்த்துணரும். அங்கே வேறு கருவி இருந்துவிட்டாலோ, அவ்வெழுத்தே அதனைக் குழப்பிக் கணிப்பொறியை உறையச் செய்துவிடும். இருட்டறையில் கைநீட்டித் தடவுவது போன்றது அம்முறை.

இக்குறையை நீக்க எழுந்தவற்றுள் சிறந்தது, இன்டெல் நிறுவனம் 1992-ஆம் ஆண்டில் வகுத்தளித்த பி.சி.ஐ. என்னும் பாட்டை. கருவிகளும் செயலியும் செய்தி பரிமாறிக்கொள்ளும் வழியையே பாட்டை என்கிறோம். பஸ் என்பதும் அதுவே. இப்பாட்டையில் அமரும் ஒவ்வொரு கருவியும் தன்னைப் பற்றிய குறிப்பு ஒன்றைத் தன்னகத்தே வைத்திருக்கும். அக்குறிப்பின் முதல் பதினாறு இருமங்கள் செய்தவர் இன்னார் என்பதையும், அடுத்த பதினாறு இருமங்கள் செய்யப்பட்டது இன்னது என்பதையும் உரைக்கும். இன்டெல் நிறுவனத்திற்குரிய எண், பதினாறடிமான முறையில் 8086. அந்நிறுவனம் 1978-ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரும் அதுவே. கணிப்பொறி விழித்தெழுங்காலத்தில் கரு ஒவ்வோர் இருக்கையாகச் சென்று, ‘இங்கு யார்?’ என்று வினவும். கருவி இருந்தால் தன் எண்ணைச் சொல்லும். இருக்கை வெறுமையாயின் பதினாறு இருமங்களும் ஒன்றாகவே வாசிக்கப்படும். அவ்வெண் எந்நிறுவனத்திற்கும் வழங்கப்படாததால், அதுவே ‘இங்கு ஒருவரும் இல்லை’ என்னும் விடையாயிற்று.

1996-ஆம் ஆண்டில் வந்த யு.எஸ்.பி. முறையும் இத்தகையதே. கருவியைச் செருகியவுடன் அதிலுள்ள மின்தடை ஒன்று தரவுக் கம்பியின் மின்னழுத்தத்தை உயர்த்தும். அவ்வுயர்வே கதவைத் தட்டும் ஓசை. அதனைக் கேட்ட கரு, கருவியை மீளத் தொடக்கும். அந்நிலையில் கருவியின் முகவரி சுழியமாகும். பின்னர் 1 முதல் 127 வரையுள்ள எண்களுள் ஒன்று அதற்கு முகவரியாக வழங்கப்படும். அதன்பின் கருவி 18 பைட்டு அளவுள்ள தன் குறிப்பை ஒப்புவிக்கும். செய்தவர் எண்ணும் பொருள் எண்ணும் அதில் அடங்கியிருக்கும்.

வாய் பேசாக் கருவிகள்

எல்லாக் கருவிகளும் இவ்வாறு தம் பெயரைச் சொல்லுவன அல்ல. பிலிப்ஸ் நிறுவனம் 1982-ஆம் ஆண்டில் உருவாக்கிய ஐ-ஸ்கொயர்-சி என்னும் பாட்டை இரண்டே கம்பிகளால் ஆனது. வெப்பமானி, கடிகாரச் சில்லு முதலிய சிறு கருவிகள் அதில் அமரும். அவற்றுக்கு முகவரி உண்டு. பெயர் சொல்லும் வாய் இல்லை. முகவரியை விளித்தால், ‘உள்ளேன்’ என்று ஒப்புதல் காட்டும், அவ்வளவே. எந்த முகவரியில் எந்தக் கருவி உள்ளது என்பதைக் கருவுக்கு மனிதரே எழுதித் தரல் வேண்டும். அவ்வாறு எழுதித் தரும் பட்டியலுக்குக் கருவி மரம் என்பது பெயர். பள்ளி ஆசிரியர் கையிலுள்ள வருகைப் பதிவேட்டை அதற்கு ஒப்பிடலாம். பெயர் பதியப்படாத மாணவன் வகுப்பில் அமர்ந்திருந்தாலும் ஆசிரியர் அவனை அழையார். பெயர் பதியப்பட்ட மாணவன் வாராதிருந்தாலும் அவன் பெயரை அழைத்தே தீருவார்.

நான்கு வினாக்கள்

கருவி ஒன்று புலப்படவில்லையெனில், இயக்கி எழுதுவோர் நான்கு வினாக்களை வரிசை பிறழாமல் கேட்டல் வேண்டும்.

முதல் வினா: கருவிக்கு உயிர் உண்டா? மின்சாரம் உரிய அளவில் வருகிறதா, கம்பிகள் உரிய இடத்தில் உள்ளனவா என்று அளந்து பார்த்தல் வேண்டும். யு.எஸ்.பி. வடங்களுள் சில மின்னேற்றத்திற்கு மட்டும் பயன்படுவன. அவற்றில் தரவுக் கம்பியே இராது. அத்தகைய வடத்தால் இணைத்தால் கருவியின் விளக்கு எரியும். கருவோ எதனையும் அறியாது. விளக்கு எரிகிறதே என்று மயங்கி, நிரலில் பிழை தேடுவோர் நாள்கணக்கில் உழைப்பினும் பயன் காணார்.

இரண்டாம் வினா: கரு அதனைக் கண்டதா? கரு தான் கண்டதையும் செய்ததையும் நேர வரிசையில் குறித்து வைக்கிறது. அக்குறிப்பைக் காட்டும் கட்டளைக்கு டி-மெசேஜ் என்பது பெயர். பி.சி.ஐ. பாட்டையில் உள்ளவற்றை எல்.எஸ்.பி.சி.ஐ. என்னும் கட்டளையும், யு.எஸ்.பி. பாட்டையில் உள்ளவற்றை எல்.எஸ்.யு.எஸ்.பி. என்னும் கட்டளையும் வரிசைப்படுத்திக் காட்டும். இவ்வரிசையில் கருவி காணப்படவில்லையாயின் பிழை இயக்கியில் இல்லை. அதற்கு முன்னரே உள்ளது. காணப்பட்டதாயின், மின்சாரத்தையும் கம்பியையும் மறந்துவிட்டு அடுத்த வினாவிற்குச் செல்லலாம். இவ்வொரு வினா தேடும் பரப்பைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

மூன்றாம் வினா: பெயர் பொருந்தியதா? ஒவ்வோர் இயக்கியும், ‘யான் இன்ன இன்ன கருவிகளுக்கு உரியேன்’ என்று ஒரு பட்டியலைக் கருவிடம் ஒப்படைக்கும். கருவி சொன்ன எண்ணும் பட்டியலில் உள்ள எண்ணும் முற்றும் ஒத்தாலன்றிக் கரு இயக்கியை அழைக்காது. ஓர் இலக்கம் மாறினும் ஒவ்வாது. பட்டியலின் இறுதியில் வெற்று வரி ஒன்று நிற்றல் வேண்டும். அதனைக் கண்டே பட்டியல் முடிந்ததெனக் கரு உணரும். அதனை எழுத மறந்தால், கரு பட்டியலுக்கு அப்பாலும் சென்று படிக்க முற்படும். அதன் விளைவு இன்னதென்று சொல்ல இயலாது. இன்னொன்றும் கருதத்தக்கது. பெயர் பொருந்தியும் இயக்கி அழைக்கப்படவில்லையெனில், வேறோர் இயக்கி அக்கருவியை முன்னரே கைப்பற்றியிருக்கலாம்.

நான்காம் வினா: இயக்கி அதனை ஏற்றதா? பெயர் பொருந்தியபின் கரு, இயக்கியின் ஆய்வுப் பகுதியை அழைக்கும். புரோப் என்பது அப்பகுதியின் பெயர். கருவி தான் கையாளத்தக்கதா என்று அப்பகுதி சோதிக்கும். எல்லாம் செம்மையாயின் சுழியத்தை விடையாகத் தரும். இல்லையெனில் காரணத்தைக் குறை எண்ணால் உணர்த்தும். குறை 19 என்றால், ‘அத்தகைய கருவி இல்லை’ என்பது பொருள். குறை 16 என்றால், ‘வேண்டிய ஒன்று பிறர் வசம் உள்ளது’ என்பது பொருள். குறை 517 என்றால், ‘யான் சார்ந்து நிற்கும் மற்றொன்று இன்னும் வரவில்லை, பின்னர் அழைக்க’ என்பது பொருள். இவ்விறுதி விடை 2012-ஆம் ஆண்டில் லினக்ஸில் சேர்க்கப்பட்டது. இதனைத் தோல்வி என்று கருதுவோர் தவறுவர். மின்னளிக்கும் இயக்கி வந்து சேருமுன் வெப்பமானியின் இயக்கி அழைக்கப்பட்டால், காத்திருத்தலன்றோ முறை? காத்திருத்தல் முடிவின்றி நீளுமாயின், வராத துணையைத் தேடுதல் வேண்டுமேயன்றிக் காத்திருப்பதன்மேல் குற்றஞ்சாட்டலாகாது.

ஒரு கடிகாரச் சில்லு

இந்நெறி எங்ஙனம் பயன்படுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். பிரித்தானியாவில் 2012-ஆம் ஆண்டு வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் சிறு கணிப்பொறியில் மின்சாரம் நின்றபின்னும் நேரத்தைக் காக்கும் கடிகாரம் இல்லை. ஆதலால் டி.எஸ். 3231 என்னும் கடிகாரச் சில்லை அதனுடன் இணைப்பது வழக்கம். மாணவி ஒருத்தி அச்சில்லுக்குத் தானே ஓர் இயக்கி எழுதிப் பழகுகிறாள் எனக் கொள்வோம். இயக்கியைக் கருவில் ஏற்றினாள், ஒன்றும் நிகழவில்லை.

அவள் நிரலைத் திருத்த விரையவில்லை. முதல் வினாவைக் கேட்டாள். மின்னளவியால் அளந்தாள், 3.3 வோல்ட்டு இருந்தது. இரண்டாம் வினாவிற்குச் சென்றாள். பாட்டையின் முகவரிகளை ஒவ்வொன்றாக விளித்துக் காட்டும் கட்டளை ஒன்று உண்டு. ஐ-டூ-சி டிடெக்ட் என்பது அதன் பெயர். அதனை ஏவியபோது பாட்டையே இல்லை என்று விடை வந்தது. ராஸ்பெரி பை கணிப்பொறியில் அப்பாட்டை தொடக்கத்தில் அடைத்து வைக்கப்பட்டிருக்கும். உரிய கோப்பில் எழுதித் திறத்தல் வேண்டும். அவ்வாறு திறந்தபின், கட்டளை காட்டிய கட்டத்தில் 68 என்னும் எண் தோன்றியது. அது பதினாறடிமான எண்; நம் வழக்கில் 104. சில்லு விடையளித்துவிட்டது.

ஆயினும் இயக்கி அழைக்கப்படவில்லை. அவள் கருவின் குறிப்பைப் புரட்டினாள். ‘முகவரி செல்லாது’ என்னும் பொருள்பட ஒரு வரி அதில் இருந்தது. கருவி மரத்தில் அவள் எழுதியிருந்த முகவரி 208. ஏன் அவ்வாறு எழுதினாள்? அப்பாட்டையின் முகவரி ஏழு இருமங்களால் ஆனது. கம்பியில் செல்லுங்கால், எழுதுதலா படித்தலா என்பதைக் குறிக்கும் எட்டாம் இருமம் ஒன்று இறுதியில் சேரும். அதனால் 104 என்பது இருமடங்காகி 208 எனத் தோன்றும். கருவோ ஏழிரும முகவரியையே வேண்டுகிறது. 208-ஐ 104 எனத் திருத்தினாள், அவ்வரி மறைந்தது.

பின்னரும் இயக்கி வாளாவிருந்தது. மூன்றாம் வினாவைக் கேட்டாள். கருவி மரத்தில் எழுதிய பெயரையும் இயக்கியின் பட்டியலில் எழுதிய பெயரையும் அருகருகே வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டாள். ஒன்றில் காற்புள்ளி இருந்த இடத்தில் மற்றொன்றில் சிறு கோடு இருந்தது. அதனைத் திருத்தியவுடன் கரு இயக்கியை அழைத்தது. இயக்கியும் சுழியத்தை விடையாகத் தந்தது. மீண்டும் ஐ-டூ-சி டிடெக்ட் கட்டளையை ஏவியபோது, 68 இருந்த இடத்தில் ‘யு யு’ என்னும் ஈரெழுத்துகள் நின்றன. ‘இம்முகவரி ஓர் இயக்கியின் கையில் உள்ளது’ என்பதே அவற்றின் பொருள்.

முகவரி விடையளித்ததனாலேயே கருவி இன்னதென்று துணிந்துவிடலாகாது என்பதையும் இங்கு நினைவிற் கொள்க. எம்.பி.யு. 6050 என்னும் அசைவுணர் சில்லுக்கும் 104-ஆம் எண்ணே இயல்பான முகவரி. அச்சில்லில் ‘நான் யார்’ என்று பெயரிடப்பட்ட பதிவகம் ஒன்று உண்டு. அதனைப் படித்து அதன் அடையாளத்தை உறுதி செய்யலாம். நம் கடிகாரச் சில்லில் அத்தகைய பதிவகம் இல்லை. ஒரே தெருவில் ஒரே இலக்கமுள்ள இரு வீடுகள் இருத்தல் இயலாததன்று. கதவிலக்கம் கண்டோம் என்பது ஆளைக் கண்டோம் என்பதாகாது.

குற்றம் எவருடையது?

பிழை தேடும் நெறி பிறழ்ந்தால் விளையும் கேடு சிறிதன்று. 2008-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், லினக்ஸின் 2.6.27-ஆம் பதிப்பு வெளிவருமுன் அதனைச் சோதித்துக்கொண்டிருந்த சிலருடைய கணிப்பொறிகளில், இன்டெல் நிறுவனத்தின் வலையட்டைகள் வேலை செய்யாது நின்றன. பழைய பதிப்பிற்குத் திரும்பியும் அவை எழவில்லை. வலையட்டை தன் முகவரி முதலிய குறிப்புகளைச் சேமித்து வைத்திருக்கும் அழியா நினைவகமே சிதைந்து போயிற்று. ஈ-1000-ஈ என்னும் அதன் இயக்கி, தொடங்கும்போது அந்நினைவகத்தின் சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிடும். தொகை ஒவ்வாமையால் அட்டையை ஏற்க மறுத்தது.

ஐயம் முதலில் அவ்வியக்கியின்மீதே விழுந்தது. திரையை ஆளும் மென்பொருளின்மீதும் சிலர் ஐயுற்றனர். பிழை தேடுவோர்க்கு மற்றோர் இடரும் இருந்தது: ஒவ்வொரு சோதனையும் ஓர் அட்டையைப் பாழாக்கக் கூடும். அக்டோபர் 9-ஆம் நாள் வெளியான பதிப்பில், வலையட்டையின் நினைவகத்தில் எவரும் எழுதாதபடி காப்பு ஒன்று சேர்க்கப்பட்டது. அதே திங்களில் உண்மைக் காரணமும் வெளிப்பட்டது. கருவின் செயல்களைத் தொடர்ந்து குறிக்கும் எப்-டிரேஸ் என்னும் வேறொரு பகுதி, தான் குறித்து வைத்திருந்த நினைவிடங்களில் பின்னர்த் திருத்தம் எழுதும் இயல்புடையது. அவ்விடங்களுள் சில இடைக்காலத்தில் விடுவிக்கப்பட்டன. விடுவிக்கப்பட்ட முகவரிகள் வலையட்டையின் நினைவகத்திற்கு வழங்கப்பட்டன. பழைய குறிப்பை நம்பி எழுதிய எழுத்து, வலையட்டையைச் சிதைத்துவிட்டது. அடுத்து வந்த 2.6.27.1-ஆம் பதிப்பில் அவ்வசதி முடக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது யாது? ‘ஏற்கமாட்டேன்’ என்று மறுத்த இயக்கி குற்றவாளியன்று. கேட்டை முதலில் அறிவித்த தூதுவன் அது. அதன் சோதனையை நீக்கிவிட்டு, எவ்வாறேனும் கருவியை ஏற்கச் செய்திருந்தால், கேடு மறைந்திராது, மறைக்கப்பட்டிருக்கும். பிழைச் செய்தியை அடக்குவது பிழையைத் தீர்ப்பதாகாது. காய்ச்சலைக் காட்டும் வெப்பமானியை உடைத்து நோயைப் போக்கியவர் யாரும் இலர்.

கடைப்பிடிக்க வேண்டுவன

ஆதலால், இயக்கி எழுதுவோர் சில ஒழுக்கங்களைக் கைக்கொள்ளுதல் வேண்டும். ஒருகால் ஒன்றையே மாற்றுக. இரண்டை ஒருங்கே மாற்றினால் எது பயன்தந்தது என்பதை அறிய இயலாது. மாற்றியதையும் அதனால் விளைந்ததையும் அவ்வப்போது எழுதி வைக்க. முன்பு சரியாயிருந்து இப்போது கெட்டதாயின், இடைப்பட்ட மாற்றங்களைப் பாதி பாதியாகப் பகுத்துச் சோதிக்க. ஆயிரம் மாற்றங்கள் இருப்பினும் பத்துச் சோதனைகளில் குற்றமுடையதைக் கண்டுவிடலாம். சோதனையால் கருவிக்குத் தீங்கு நேரக்கூடுமாயின், அதன் நினைவகத்தைப் படியெடுத்து வைத்துக்கொண்டு தொடங்குக. இவையனைத்தினும் தலையாயது, காண்பதற்கு முன் துணியாமை.

இன்று மருத்துவமனையில் நோயாளியின் நாடித்துடிப்பைக் காட்டும் பொறியிலும், தொழிற்சாலையில் கொதிகலனின் அழுத்தத்தை அளக்கும் பொறியிலும் இத்தகைய சிறு கருவிகளும் அவற்றின் இயக்கிகளும் அமைந்துள்ளன. அங்கே கருவி ஒன்று புலப்படாமற்போவது ஒருவனுடைய வசதிக்குறைவு மட்டுமன்று, உயிருக்கே இடராகலாம். அத்தகைய பொறிகளை ஆக்கும் பணி உங்களுள் சிலர் கைக்கு நாளை வந்து சேரும். அன்று கருவி வாய் திறவாதபோது, ‘இறுதியாக அதனைக் கண்டவர் யார்?’ என்னும் வினாவை முதலில் கேளுங்கள். பொறுமையுடன் வரிசையாகக் கேட்பவர்க்கு வாய் பேசாக் கருவியும் விடை கூறும்.

பயிற்சி

1. பி.சி.ஐ. பாட்டையில் உள்ள கருவிகளைக் கரு எங்ஙனம் அறிகிறது?
2. கருவி மரம் என்பது யாது? வருகைப் பதிவேடு அதற்கு எவ்வாற்றான் உவமையாகிறது?
3. இயக்கி எழுதுவோர் கேட்க வேண்டிய நான்கு வினாக்களை முறையே எழுதுக.
4. மாணவி எழுதிய 208 என்னும் முகவரி ஏன் செல்லாதாயிற்று?
5. ‘மறுத்த இயக்கி குற்றவாளியன்று’ — இக்கூற்றை 2008-ஆம் ஆண்டு நிகழ்ச்சியைக் கொண்டு விளக்குக.
6. பிரித்தெழுதுக: அவ்வுயர்வே, இவ்வுண்மை, வாளாவிருந்தது, தூதுவனன்று.
7. உங்கள் வீட்டில் பழுதுற்ற ஒரு பொருளை எவ்வரிசையில் ஆராய்வீர்கள் என்பதைப் பத்து வரிகளில் எழுதுக.